ஹாலோ பாடி கிதார்: ‘வெற்றுடல்’ வேண்டாம், ‘குடக்கிதார்’ என்போம்

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உடலுக்குள் வெற்றிடம் உள்ள ‘ஹாலோ பாடி’ மின்கிதாருக்குத் தமிழ்ப் பெயராக நம் குழுவில் ஐயா அவர்கள் முன்வைத்த ‘வெற்றுடல் கிதார்’ என்னும் சொல்லையும், அதன் மேல் நண்பர்கள் தந்த ‘உள்ளீடற்ற’, ‘பொள்ளல்’, ‘கூட்டுடல்’, ‘குடைவுடல்’ ஆகிய மாற்றுச் சொற்களையும் ஒன்றுக்கு இருமுறை படித்தேன். இவ்வகைக் கிதாரின் ஒலியைக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்று தமிழில் ஒரு கையேடு எழுதி வருவதால், இந்தச் சொல் எனக்கு உடனடியாகத் தேவைப்படுகிறது. பெயர் பிசகினால் வாங்குபவரின் பணம் போய்விடும் என்பதை நேரில் கண்டிருக்கிறேன். என்னிடம் கற்கும் மாணவி ஒருத்தி, ஒரு விற்பனைக் குறிப்பில் ‘உள்ளீடற்ற உடல்’ என்றிருந்ததை நம்பி, ஈராண்டுச் சேமிப்பைக் கொடுத்து ஒரு கிதாரை வாங்கி வந்தாள். கைவிளக்கை அடித்துத் துளை வழியே உள்ளே பார்த்தபோது, மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில், கழுத்தடி முதல் வால் வரை ஒரு மரக்கட்டை கிடந்தது. அந்த வகைக் கிதாரும் நல்ல கருவிதான். ஆனால் அவள் தேடிய கருவி அன்று.

‘வெற்றுடல்’ என்றதும் தமிழ்க் காதில் விழுவது சட்டையில்லாத உடம்பு. ‘வெற்றுடம்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்’ என்று எழுதிப் பழகிய மொழியில், அந்தச் சொல்லை ஒரு மரப்பெட்டிக்கு மாற்றுவது எளிதன்று. ‘உள்ளீடற்ற’ என்பது பேச்சையும் கட்டுரையையும் குறைசொல்லப் பயன்படும் அடைமொழி. ‘பொள்ளல்’ என்றால் ஒழுகும் பானை நினைவுக்கு வருகிறது. ‘கூட்டுடல்’ என்பதைக் கூடு போன்ற உடல் என்று படிப்பவர்களைவிட, கூட்டுறவுக் கூட்டாகப் படிப்பவர்களே மிகுதியாக இருப்பார்கள்.

‘குடைவுடல்’ என்பதைத் தள்ள எனக்கு மனமில்லை. ஆயினும் குடைவது என்பது ஒரே கட்டையைத் தோண்டி உள்வெளி உண்டாக்குவது. ஏகாண்ட வீணை அப்படித்தான் ஆகிறது. 1968இல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த டெலிகாஸ்டர் தின்லைன் கிதாரும் திண்ணிய மரத்தில் அறைகள் குடைந்து செய்யப்பட்டதே. ஆனால் நாம் பெயர் தேடும் வகைக்கு மூலமாதிரியாக விளங்கும், கிப்சன் நிறுவனத்தின் ஈ.எஸ். 175, குடையப்பட்ட கருவி அன்று. மேப்பிள் ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி வளைத்து, பக்கப் பட்டைகளோடு பசையிட்டுச் சேர்த்துச் செய்தார்கள். ஆகவே ‘குடைவுடல்’ என்பதை அறை குடைந்த கிதார்களுக்கென்றே ஒதுக்கிவைத்தால் அச்சொல் வீணாகாது.

என் பரிந்துரை ‘குடக்கிதார்’. வீணை வாசிப்பவர்களும் வீணை செய்பவர்களும் ஒலிப்பெட்டியை இன்றும் ‘குடம்’ என்றே சொல்கிறார்கள். தண்டி, மெட்டு, குதிரை, பிரடை என்னும் சொற்களோடு அதுவும் புழக்கத்தில் இருக்கிறது. தந்திகளைத் தாங்கும் குதிரையை நாம் கிதாருக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும்போது, குடத்தை விட்டுவிடக் காரணமில்லை. யாழின் ஒலிப்பெட்டிக்குப் பொருநராற்றுப்படை ஆளும் ‘பத்தல்’ என்னும் சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். பழமையில் அதற்கு நிகரில்லை. ஆனால் இன்று ‘பத்தல் கிதார்’ என்றால் ‘பத்தவில்லை’ என்று கேட்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

இனி, நடுவில் கட்டை உள்ள வகை. 1958இல் வந்த கிப்சன் ஈ.எஸ். 335 அதற்கு முன்மாதிரி. ‘அரைக்குடம்’ என்றோ ‘குறைகுடம்’ என்றோ சொன்னால் பழமொழி குறுக்கே வந்து, கருவி தரம் குறைந்தது என்ற எண்ணத்தை உண்டாக்கும். உள்ளே இருப்பதையே சொல்லி ‘நடுக்கட்டைக் குடக்கிதார்’ என்றால் போதும். என் மாணவிக்கு அந்த ஒரு சொல் முன்பே கிடைத்திருந்தால் அவள் ஏமாந்திருக்க மாட்டாள். உடலின் தடிப்பை வைத்துப் பெயரிடுவதும் பொருந்தாது. 1961இல் அறிமுகமான எபிஃபோன் கசினோ, பார்வைக்கு 335 போலவே மெலிந்திருந்தாலும், உள்ளே கட்டையில்லாத முழுக்குடம். உள்ளே வெற்றிடமே இல்லாத திண்ணுடல் (சாலிட் பாடி) வகையைக் ‘கட்டைக் கிதார்’ என்று சொல்லத் தயங்க வேண்டாம். அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் 1940ஐ ஒட்டிச் செய்த முன்னோடிக் கருவியில் ஒரு பைன் மரக்கட்டையே நடுவுடலாக இருந்தது. அதை அவரே கட்டை என்ற பொருளில்தான் அழைத்தார்.

பிக்கப்புக்கு ‘ஒலிவாங்கி’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்ததை மட்டும் நான் உறுதியாக மறுக்கிறேன். ஒலிவாங்கி காற்றின் அதிர்வை வாங்குவது. கிதாரின் பிக்கப் என்பது காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்தது. மேலே எஃகுத் தந்தி அசையும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அது குடத்தின் ஒலியைக் கேட்பதில்லை, தந்தியின் அசைவை உணர்கிறது. எனவே ‘தந்தியுணரி’ என்பதே பொருந்தும்.

அப்படியானால் குடம் எதற்கு என்று கேட்பீர்கள். மெல்லிய மேற்பலகை தந்தியின் ஆற்றலை விரைவாக வாங்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. தந்தியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் மரக்குதிரை அதற்குத் துணைசெய்கிறது. ஆகவே மீட்டியதும் ஒலி பருத்தெழுந்து, சட்டென்று தணிகிறது. ஒரு சுரம் நீடித்து நிற்பதைக் கருநாடக இசையில் ‘கார்வை’ என்கிறோம். சஸ்டெயின் என்பதற்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது. இந்தக் கருவியின் தனிக்குணத்தைக் ‘குறுங்கார்வை’ என்று குறிக்க விரும்புகிறேன்.

கையேட்டின் பாதி இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. பருத்த எழுச்சியும் குறுங்கார்வையும் தந்தியிலேயே நிகழ்பவை என்றால், குடம் வாங்கப் பணமில்லாதவர் தந்தியிலிருந்தே தொடங்கலாம். கனடாவின் கிதார் கலைஞர் எட் பிக்கர்ட் ஒரு டெலிகாஸ்டர் கட்டைக் கிதாரில் வாசித்த ஜாஸ், கண்ணை மூடிக் கேட்பவருக்குக் கட்டையை நினைவூட்டுவதில்லை. என் பழைய கட்டைக் கிதாரில் நான் முதலில் செய்தது, 12 கணத்தில் (மிக மெல்லிய தந்தியின் தடிப்பு 0.012 அங்குலம்) தொடங்கும், தட்டைக் கம்பி சுற்றிய தட்டைச்சுற்றுத் தந்திகளைப் பூட்டியதுதான். உருண்டைக் கம்பி சுற்றிய வழக்கமான உருள்சுற்றுத் தந்தியில் விரல் வழுக்கினால் கீச்சென்று ஒலிக்கும். தட்டைச்சுற்று, நகத்தால் வருடினாலும் வழவழவென்றிருக்கும். முக்கியமான மாற்றம் மூன்றாம் தந்தியில்: அதுவரை வெறுங்கம்பியாக இருந்தது, இந்தத் தொகுப்பில் சுற்றுக்கம்பியாகிறது. அந்த ஒரு தந்தியின் கணீரோசை அடங்கியதுமே முழுக் கருவியின் குரலும் வயது முதிர்ந்ததுபோல் ஆயிற்று. தடித்த தந்தி இறங்க, கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் தலைமாட்டுக் கட்டையின் (நட்) பள்ளங்களைச் சற்று அராவி அகலமாக்க வேண்டும். கழுத்தின் வளைவைச் சீராக்கும் முறுக்குத்தண்டையும் (ட்ரஸ் ராட்) கால்சுற்றுப்போல் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இவற்றைச் சொல்லாமல் தந்தியை மட்டும் மாற்றச் சொல்வது வாசகருக்குத் தீங்கு.

பிறகு கழுத்துப்பக்கத் தந்தியுணரியை மட்டும் தேர்ந்து, டோன் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கி, கழுத்து முடியும் இடத்துக்கு அருகே, ஜாஸ் கிதார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரியைப் போலப் பெருவிரல் சதையால் மீட்ட வேண்டும். குதிரையை ஒட்டித் தந்திகளுக்கு அடியில் விரலளவு கடற்பஞ்சைச் செருகினால் கார்வை குறுகும். அதை அழுத்திச் செருகாதீர்கள். தந்தியைத் தொட்டால் போதும். பெருக்கியில் கரகரப்பு சிறிதும் இல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இரு சுருள்களால் இரைச்சலைக் குறைக்கும் ‘ஹம்பக்கர்’ வகைத் தந்தியுணரி இருந்தால் நல்லது. அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

மலிவு என்ற சொல்லைக் கையேட்டில் கூச்சமில்லாமல் எழுதப் போகிறேன். 1949இல் ஈ.எஸ். 175 அதன் பெயரிலேயே உள்ள 175 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. திண்மரத்தைச் செதுக்கிச் செய்த கிப்சன் எல்-5 போன்றவற்றைவிட விலை குறைவாக இருந்ததற்கு அந்த ஒட்டுப்பலகையும் ஒரு காரணம். ஜாஸ் கிதார் கலைஞர் ஜோ பாஸ் வாசித்து நாம் போற்றும் ஒலியும் அந்த ஒட்டுப்பலகையின் ஒலிதான்.

இரண்டு சொற்கள் எஞ்சியுள்ளன. ஃபீட்பேக் என்பதற்கு ‘பின்னூட்டம்’ என்பது வாசகர் கருத்து என்ற பொருளில் நிலைத்துவிட்டது; மேடையில் பெருக்கியின் ஒலி குடத்தை அதிரச்செய்து, குடம் தந்தியை அதிரச்செய்து எழும் அலறலை ‘ஊளை’ என்று சொன்னால் எவருக்கும் விளங்கும். மேற்பலகையில் எஃப் வடிவில் உள்ள துளைக்கு, யாழுக்கு அதே பொருநராற்றுப்படை தரும் ‘வறுவாய்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். எட்டாம் நாள் திங்களின் வடிவில், உள்நாக்கில்லாத வாயாக அதை அந்நூல் காட்டுகிறது. வடிவம் வேறானாலும் வாய் வாய்தான். ‘ஊளை எழுந்தால் இரு வறுவாய்களையும் கடற்பஞ்சால் அடைக்கவும்’ என்று கையேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஐயா அவர்களும் மற்றவர்களும் இந்த வாக்கியத்தை உரக்கப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்ல வேண்டுகிறேன்.