ஹெட்லைட் போட்டா என்ஜின் மிஸ் அடிக்குது, முழு ஒயரிங்கையும் மாத்தணுமா?

பழையசக்கரம்:
வணக்கம் நண்பர்களே, அப்பா ஓட்டின கார், 1964 மாடல், டைனமோ (பேட்டரிக்கு சார்ஜ் குடுக்குற பழைய கால ஜெனரேட்டர்) வண்டி, ரொம்ப வருஷமா ஓடாம நின்னுச்சு, இப்ப என்ஜின் வேலை முடிச்சு ஒருவழியா ஸ்டார்ட் பண்ணிட்டேன். பகல்ல நல்லா ஓடுது. ராத்திரி ஹெட்லைட் போட்டா அகல்விளக்கு மாதிரி மஞ்சளா எரியுது, ஹை பீம் தட்டினா என்ஜின் ஒரு செகண்ட் மூச்சு திணறுது. டேஷ்போர்டுக்கு அடியில கையை விட்டு லைட் சுவிட்சுக்குப் பின்னாடி தொட்டுப் பாத்தேன், நல்ல சூடு. அங்கயே ஒரு ஒயரை லேசா வளைச்சேன், மேல இருந்த ரப்பர் சருகு மாதிரி நொறுங்கி கையில வந்துடுச்சு, உள்ள செம்பு கருப்பா இருக்கு. எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டு புதுசா இழுத்துடலாமா, இல்ல லைட்டுக்கு மட்டும் ரிலே (சின்ன கரண்டை வச்சு பெரிய கரண்டை ஆன் பண்ணுற சுவிட்ச்) வச்சா போதுமா? அப்பா கை பட்ட வண்டி, பாக்க அப்படியே பழசா இருக்கணும்னு ஆசை.

தாமிரக்கம்பி:
தம்பி, முதல்ல எதையும் உருவாதீங்க, ப்ளீஸ். பழைய ஹார்னெஸ், அதாவது வண்டி முழுக்க ஓடுற ஒயர் கட்டு, வெறும் ஒயர் கிடையாது, அதுதான் உங்க வரைபடம். எந்த ஒயர் எங்க பிரியுது, எவ்வளவு நீளம்னு எல்லாம் அதுலதான் இருக்கு. பேட்டரில எந்த டெர்மினல் பாடில போல்ட் போட்டிருக்குன்னும் பாத்து சொல்லுங்க, அந்தக் காலத்து வண்டி நிறைய பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ்தான் பாடில சேர்ந்திருக்கும்.

அடுத்து மல்டிமீட்டர் எடுத்துக்கோங்க. ஹெட்லைட்டை எரிய விட்டுதான் அளக்கணும், அணைச்சுட்டு அளந்தா துருப்பிடிச்ச ஜாயிண்ட் கூட முழு வோல்ட் காட்டி ஏமாத்திடும். எர்த் ஆகாத பேட்டரி டெர்மினல்ல ஒரு குச்சி, பல்ப் ஹோல்டருக்கு கரண்ட் வர்ற டெர்மினல்ல இன்னொரு குச்சி. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா நடுவுல எங்கயோ விழுங்குது. அதே மாதிரி பல்போட எர்த் பின்னுக்கும் பேட்டரியோட எர்த் டெர்மினலுக்கும் நடுவுல வச்சுப் பாருங்க. வோல்ட் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போயிடும், அதனாலதான் ஒரு வோல்ட் இழப்பு கூட கண்ணுக்குத் தெரியுது.

இன்னொண்ணு, என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல பின்னின செம்புப் பட்டை இருக்கா பாருங்க. என்ஜினை இறக்கி ஏத்தினவங்க அதை மறக்குறது ரொம்ப சகஜம். பட்டை இல்லன்னா ஸ்டார்ட்டர் இழுக்குற கரண்ட் சோக் கேபிள் மாதிரி கிடைச்ச வழியா திரும்பிப் போகும். எனக்கு ஒரு தடவை அப்படித்தான், ஸ்டார்ட்டர் அடிச்சதும் சோக் கேபிள் உறையிலேர்ந்து புகை வந்துச்சு, பாதி நாள் கார்பரேட்டரைத்தான் கழட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

நீலவெள்ளை:
அண்ணன் சொன்னதோட சேத்து இதையும் பாருங்க. அந்தக் காலத்துல லைட் கரண்ட் முழுசும் பேட்டரிலேர்ந்து ஆம்மீட்டர், லைட் சுவிட்ச், காலால அமுக்கி லோ-ஹை மாத்துற கால் டிப்பர் சுவிட்ச்னு கார் உள்ள சுத்திட்டுதான் முன்னாடி போகும். ரெண்டு பல்புக்கும் சுமார் 10 ஆம்பியர். ரிலே வச்சா சுவிட்ச் ரிலே காயிலுக்கு மட்டும் கொஞ்சூண்டு கரண்ட் குடுத்தா போதும், சூடாகாது. லோவுக்கு ஒண்ணு, ஹைக்கு ஒண்ணு. ரிலே பின்ல போட்டிருக்க நம்பர்படி, பேட்டரிலேர்ந்து ஃப்யூஸ் வழியா 30க்கு, 87லேர்ந்து பல்புக்கு, பழைய நீலம்-சிவப்பு ஒயர் லோ ரிலேயோட 86க்கு, நீலம்-வெள்ளை ஹை ரிலேயோட 86க்கு, 85 எர்த்துக்கு. பாசிட்டிவ் எர்த்துன்னா உள்ள டயோட் (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடுறது) இருக்க ரிலே வாங்காதீங்க, போலாரிட்டி மாறினா டயோட் நேரா ஷார்ட் ஆகிடும்.

ரிலே வச்சதும் 100 வாட் பல்ப் போடணும்னு கை அரிக்கும், போடாதீங்க. அந்தக் கால டைனமோ நிறைய 22 ஆம்பியர்தான், ஐடிலிங்ல அதுவும் வராது.

பழையசக்கரம்:
ரொம்ப நன்றிண்ணா, பாசிட்டிவ் எர்த்தேதான். லைட் எரியும்போது பேட்டரில 12.2, பல்புல வெறும் 9.9! கரண்ட் வர்ற பக்கம் 1.6 போகுது, எர்த் பக்கம் 0.7. எர்த் போல்ட்டைக் கழட்டிப் பாத்தா அடியில பெயிண்ட், பெயிண்டுக்கு அடியில துரு. பளபளன்னு தேச்சு திரும்ப மாட்டினேன், 0.1 ஆயிடுச்சு, இதுக்கே வெளிச்சம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியுது. கால் டிப்பர் சுவிட்ச் உள்ள ஒரே பச்சைக் களிம்பு. ஆம்மீட்டர் பின்னாடி நட்டு லூசு, வாஷர் கருகிப் போயிருக்கு. செம்புப் பட்டை இருக்கு.

தாமிரக்கம்பி:
அந்த நட்டுதான் உங்க மிஸ் ஃபயர். இக்னிஷனுக்கும் லைட்டுக்கும் கரண்ட் அதே நட்டு வழியாத்தான் போகுது, ஹை பீம் இழுத்ததும் அங்க வோல்ட் விழுந்து, ஸ்பார்க் குடுக்குற இக்னிஷன் காயில் பட்டினி ஆகுது. ஆனா ரப்பர் நொறுங்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு வேற வழியே இல்ல, புது ஹார்னெஸ் போட்டே ஆகணும். டேஷ்போர்டு அடியில ஃப்யூஸ் இல்லாத பிரவுன் ஒயர் பாடில உரசினா வண்டி எரிஞ்சு போகும். போடுற வரைக்கும் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பேட்டரியைக் கழட்டி வைங்க.

பழைய ஹார்னெஸ்ல ஒவ்வொரு முனைக்கும் சீட்டு கட்டி, போட்டோ எடுத்து, அப்புறம் முழுசா கழட்டி பலகை மேல விரிச்சு, பிரியுற இடத்துல எல்லாம் ஆணி அடிச்சு அது மேலயே புதுசு பின்னுங்க. கலர் மாத்தாதீங்க: பிரவுன் பேட்டரி, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷன்லேர்ந்து ஃப்யூஸ் தாண்டினது, கருப்பு எர்த். பிசின் இல்லாத ஹார்னெஸ் டேப்தான் சுத்தணும், சாதா இன்சுலேஷன் டேப் என்ஜின் சூட்டுல உருகி பிசுபிசுன்னு ஆயிடும். வெளியிலேர்ந்து பாத்தா பழசு மாதிரியே இருக்கும், நீங்க கேட்டதும் அதானே.

நீலவெள்ளை:
ஒரு முக்கியமான விஷயம், நிறைய பேர் இதுலதான் மாட்டுறாங்க. வெள்ளை ஒயரைக் கழட்டிட்டு காயிலோட ரெண்டு சின்ன டெர்மினலுக்கு நடுவுல ஓம் பாருங்க. 3 ஓம் பக்கம்னா கவலை இல்ல. 1.5 பக்கம்னா அது ரெசிஸ்டர் வச்சு ஓட வேண்டிய காயில், சில வண்டில அந்த ரெசிஸ்டர் தனியா தெரியாது, ஹார்னெஸ் உள்ள போற ரெசிஸ்டன்ஸ் ஒயர்தான் அந்த வேலையைப் பாக்கும். தெரியாம அங்க சாதா செம்பு ஒயர் இழுத்துட்டா வண்டி சூப்பரா ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நாள்ல காயில் கரண்டை விட்டு விட்டு அறுக்குற பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும்.

ஃப்யூஸும் கவனம். அந்தக் கால கண்ணாடி ஃப்யூஸ்ல 35னு போட்டிருந்தா அது உருகி அறுந்து போற அளவு, தொடர்ந்து தாங்குறது 17 ஆம்பியர்தான். அதே 35ஐப் பாத்து இப்ப வர்ற பிளேடு ஃப்யூஸ் போட்டா ஃப்யூஸுக்கு முன்னாடி ஒயர் எரியும்.

பழையசக்கரம்:
காயில் 3.1 காட்டுது, நிம்மதி. ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்தா ஒண்ணுல கண்ணாடியே இல்ல, யாரோ சிகரெட் பேப்பர் வெள்ளிக்காகிதத்தை சுருட்டி வச்சிருக்காங்க! இந்த ஞாயித்துக்கிழமை சீட்டு கட்ட ஆரம்பிக்கிறேன். ஒரே ஒரு டவுட்டு, முனைக்கெல்லாம் சால்டர் (ஈயப் பத்து) வைக்கவா, க்ரிம்ப் (டெர்மினலை ஒயர் மேல நசுக்கிப் பிடிக்க வைக்கிறது) போதுமா?

தாமிரக்கம்பி:
நல்ல ராட்செட் க்ரிம்பர் இருந்தா க்ரிம்ப் போதும். சால்டர் ஒயருக்குள்ள ஏறி விறைச்சுக்கும், அந்த விறைப்பு முடியுற இடத்துல அதிர்வுல முறியும். க்ரிம்ப் பண்ணினதும் ஒவ்வொண்ணையும் கையால நல்லா இழுத்துப் பாருங்க, வந்துச்சுன்னா திரும்பப் பண்ணுங்க. ஃபயர்வால் (என்ஜினுக்கும் கார் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்க தகடு) ஓட்டைல ரப்பர் குரோமெட்டை, அதாவது ஓட்டை விளிம்பு ஒயரை அறுக்காம காக்குற வளையத்தை, ஒயர் நுழைக்கிறதுக்கு முன்னாடியே மாட்டிடுங்க, அப்புறம் முனைல லக் (டெர்மினல்) அடிச்சதும் நுழையாது.