சேமிப்புக் கணக்கிற்கு 2.5 விழுக்காடு வட்டி: பெற்றோரின் பணத்தை எங்கே வைப்பது?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 71, தாயாருக்கு 66. மஞ்சள் விற்ற பணமும், தந்தை பணி ஓய்வின்போது பெற்ற தொகையுமாக ஏறத்தாழ 11 லட்சம் ரூபாய், பொதுத்துறை வங்கி ஒன்றில் இருவர் பெயரிலும் உள்ள சேமிப்புக் கணக்கில் பல ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. இப்போது அதற்கு வட்டி 2.5 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 27,500 ரூபாய். அதே கிளையில் நகையை அடகு வைத்து வாங்கிய கடனுக்கு நாங்கள் 9 விழுக்காட்டிற்கு மேல் வட்டி கட்டி வருகிறோம். பணவீக்கத்தை 4 விழுக்காட்டில் நிறுத்துவதே ரிசர்வ் வங்கியின் இலக்கு என்கிறார்கள். அந்த இலக்கு முழுமையாக நிறைவேறினாலும் என் பெற்றோரின் பணம் ஆண்டுதோறும் தேய்கிறது என்றுதானே பொருள்?

என் சித்தப்பா, தமக்குத் தெரிந்த பைனான்ஸ் ஒன்றில் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்குக் கொடுத்து வைக்கலாம் என்கிறார். தந்தைக்கு அதில் விருப்பம் இருக்கிறது. தாயாரோ, “கேட்ட நேரத்துக்கு எடுக்கற மாதிரி இருக்கோணும்” என்று சொல்லிவிட்டார். வட்டி ஏன் இவ்வளவு குறைந்தது என்பதையும், இந்த வயதில் அவர்களுக்கு எது ஏற்றது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (ஈரோடு, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்)

சகோதரி, வட்டி ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். சேமிப்புக் கணக்கின் வட்டியை ஒரு காலத்தில் ரிசர்வ் வங்கியே நிர்ணயித்தது. 2003 முதல் 3.5 விழுக்காடாக இருந்த அந்த வட்டி 2011 மே மாதம் 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று கட்டுப்பாடு நீக்கப்பட்டு, எவ்வளவு வட்டி தருவது என்பது அந்தந்த வங்கியின் விருப்பத்திற்கு விடப்பட்டது. போட்டி வந்தால் சேமிப்பவருக்கு நன்மை விளையும் என்று அப்போது கிளைகளில் நாங்களே பேசிக்கொண்டோம். சில சிறிய வங்கிகள் கூடுதலாகத் தந்தது உண்மை. ஆனால் பெரிய வங்கிகளுக்கு அந்தத் தேவை எழவில்லை, ஏனெனில் சம்பளமும் ஓய்வூதியமும் பால் பணமும் எப்படியும் அங்கேதான் வந்து சேர்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. 2019 அக்டோபருக்குப் பின் வழங்கப்படும் வீட்டுக்கடன் போன்ற மாறும் வட்டிக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகியகாலக் கடனின் வட்டியோடு, இணைக்கப்பட்டவை. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ 6.50இலிருந்து 5.50 ஆகக் குறைந்தபோது, அக்கடன்களிலிருந்து வரும் வருவாயும் உடனுக்குடன் குறைந்தது. நிரந்தர வைப்புகளுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வட்டியை வங்கியால் நடுவில் குறைக்க முடியாது. கை வைக்க முடிந்தது சேமிப்புக் கணக்கில் மட்டுமே.

மறுமொழி 2 (திருப்பூர்)

ஐயா சொன்ன விளக்கம் சரி, ஆனால் அது நியாயமாகிவிடாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4.00இலிருந்து 6.50 வரை ஏறிற்று. அந்த இரண்டரை விழுக்காட்டில் சாதாரண சேமிப்புக் கணக்குக்காரருக்கு வந்தது என்ன? பாரத ஸ்டேட் வங்கியில் 2.70 அப்படியே நின்றது. விகிதம் இறங்கத் தொடங்கியதும் 2025 ஜூனில் அதையும் 2.50 ஆக்கினார்கள். ஏறும்போது பங்கு தராதவர்கள் இறங்கும்போது மட்டும் பங்கு கேட்பதுதான் என் போன்றவர்களின் மனக்குறை.

அதற்காகச் சித்தப்பா காட்டும் வழியில் தயவுசெய்து போக வேண்டாம். நூற்றுக்கு ஒன்றரை என்றால் ஆண்டுக்கு 18 விழுக்காடு. அதைக் கொடுப்பவர் அதைவிடக் கூடுதலாக வெளியே வாங்கியாக வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியதில்லை. 2012இல் பெருந்துறையை மையமாகக் கொண்டு, அதிக வருவாய் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது, நிலத்தை விற்றுப் போட்டவர்களும் இருந்தார்கள். அதற்கு முன் 2009இல் எங்கள் ஊரில் வெடித்த அன்னியச் செலாவணி மோசடி வழக்கில் கோவை நீதிமன்றம் தண்டனை அறிவித்தது 2022இல். 71 வயதில் ஒருவர் பதின்மூன்று ஆண்டுகள் தீர்ப்புக்காகக் காத்திருக்க இயலுமா? தந்தையிடம் இதைக் கோபமில்லாமல் எடுத்துச் சொல்லுங்கள், வட்டி குறைவதைப் பார்த்து வருந்துகிறவர்தான் இப்படிப்பட்ட பேச்சுக்கு எளிதில் இணங்குகிறார்.

கூட்டுறவு பற்றியும் ஒரு சொல். நகரக் கூட்டுறவு வங்கி, மத்தியக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றின் வைப்புகளுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரி முதல் இந்த அளவு. ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வைப்புக்கு அந்தக் காப்பீடு கிடையாது. தெரிந்த செயலர், பக்கத்துத் தெருக் கட்டடம் என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம்.

மறுமொழி 3 (பொள்ளாச்சி)

வணக்கம் அம்மா. என் மாமனார், மாமியாரின் கணக்குகளை நான் பார்த்து வருவதால் நடைமுறையைச் சொல்கிறேன். மருத்துவச் செலவு போன்ற அவசரத்திற்காக 2 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே வைத்து, கிளையில் ‘ஆட்டோ ஸ்வீப்’ வசதி கேளுங்கள். குறிப்பிட்ட இருப்புக்கு மேலுள்ள தொகை தானாகவே நிரந்தர வைப்பாக மாறும். தேவைப்படும்போது ஏ.டி.எம்.மில் எடுத்தால் அந்த அளவு மட்டும் முறிந்து வரும். கேட்காதவரை பல கிளைகளில் இதைச் சொல்வதில்லை.

மீதி 9 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவதே என் கருத்து. 2023 ஏப்ரல் முதல் அதற்கு 8.2 விழுக்காடு. அரசு காலாண்டுதோறும் விகிதத்தை மறுபரிசீலனை செய்தாலும், நீங்கள் போடும் நாளில் உள்ள வட்டியே 5 ஆண்டுகளுக்கும் நிலைக்கும். 9 லட்சத்திற்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை 18,450 ரூபாய் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதத் தொடக்கத்தில் வந்துவிடும். ஒருவருக்கு 30 லட்சம் வரை அனுமதி உண்டு. அஞ்சலகத்திலும் தொடங்கலாம், வங்கியிலும் தொடங்கலாம். வரியைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களுக்கு ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால்தான் வங்கி பிடித்தம் செய்யும்.

கேள்வியாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தந்தையிடம் பேசிவிட்டேன், பைனான்ஸ் எண்ணத்தை விட்டுவிட்டார். தாயார் ஒன்றே ஒன்று கேட்கிறார்: அந்த 9 லட்சத்தை நடுவில் எடுக்க வேண்டி வந்தால் என்ன ஆகும்?

மறுமொழி 3 (பொள்ளாச்சி)

எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஓராண்டுக்குள் முடித்தால் கொடுத்த வட்டியை அசலில் கழித்துக்கொள்வார்கள். ஓராண்டுக்கு மேல், இரண்டு ஆண்டுக்குள் என்றால் அசலில் 1.5 விழுக்காடும், அதற்குப் பின் 1 விழுக்காடும் பிடிப்பார்கள். 9 லட்சத்தையும் ஒரே கணக்கில் போடாமல் மூன்று லட்சமாக மூன்று கணக்கு தொடங்குங்கள். தேவை வந்தால் ஒன்றை மட்டும் முடித்துக்கொள்ளலாம், மற்ற இரண்டின் வட்டி தடைபடாது. ஒவ்வொன்றிலும் வாரிசுதாரர் பெயரை அன்றே பதிவு செய்துவிடுங்கள்.