ஆணியைக் கடித்த செயின்: ஜெயநகரில் பட்ட பாடு

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் ஒரு சாயங்கால மழைக்கு எத்தனை குல்மொஹர் சாயும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். போன வருடம் ஜெயநகரில் அப்படி விழுந்த ஒன்றை செயின் ரம்பத்தோடு அறுக்கப் போனோம். அடிமரத்தில் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) பாதி இறங்கியதும் தீப்பொறி பறந்தது. யாரோ எப்போதோ விளம்பரத் தகட்டுக்கு அடித்த ஆணி, பட்டை மூடி உள்ளே போயிருந்தது. செயினின் வலப்பக்கப் பற்கள் ஏழெட்டு காலி.

மாற்றுச் செயின் எடுத்துப் போகவில்லை. .325 அங்குல பிட்ச் (கண்ணி அளவு) செயினுக்கான 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம் இருந்தது. மழுங்கியவற்றை மட்டும் ராவிவிட்டு மறுபடி இறக்கினேன். அங்கேதான் கோட்டைவிட்டேன். வெட்டு இடப்பக்கமாக வளைந்துகொண்டே போய் பார் சிக்கிக்கொண்டது, ஆப்பு அடித்துத்தான் எடுத்தோம்.

எங்கள் மேஸ்திரி ஓசூர்க்காரர். "ஒரு பக்கம் பல்லு குட்டையானா, நீளமா இருக்கிற பக்கம் இழுக்கும்டா தம்பி. இருக்கிறதிலேயே குட்டைப் பல்லை அளவா வெச்சு மிச்சத்தையும் அதுக்குக் கொண்டு வா" என்றார். மொத்தம் 36 பற்கள். 30 டிகிரி சாய்வு, அரத்தை உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும். கை மரத்துப்போனது. இவ்வளவு தேய்த்தபின் பல்லுக்கு முன்னால் இருக்கும் திமில் உயர்ந்து நிற்கும், பல் மரத்தைக் கடிக்காது. தட்டை அரத்தால் அதைப் பல் நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்த்தினோம். அப்புறம்தான் மாவாகக் கொட்டிய தூள் சீவலாக விழுந்தது.

பின்னூட்டம், ஒயிட்ஃபீல்டிலிருந்து: நான் பின்லாந்தில் ஹார்வெஸ்டர் (மரம் வெட்டும் பெரிய வண்டி) சர்வீஸில் இருந்தவன். அங்கே .404 பிட்ச் செயின், வினாடிக்கு 40 மீட்டர் வரை ஓடும். அறுந்தால் ஒரு துண்டு தோட்டா மாதிரி பாரின் நேர்க்கோட்டில் பறக்கும். கேபின் ஜன்னலில் தடித்த பாலிகார்பனேட் (உடையாத பிளாஸ்டிக்) போடுவது அதற்காகத்தான். ரிவெட் (கண்ணிகளை இணைக்கும் ஆணி) தளர்ந்த செயினை "இன்னும் ஒரு நாள் ஓடும்" என்று விடவே மாட்டோம். கையில் பிடிக்கும் மிஷினிலும் பாரை அவ்வப்போது மேல்கீழாகத் திருப்பிப் போடுங்கள், இரு பக்கமும் சமமாகத் தேயும்.

பின்னூட்டம், கே.ஆர்.புரத்திலிருந்து: அண்ணே, ஆணி இருந்தால் வெட்டிய முகத்திலேயே கருநீலக் கறை தெரியுமே! இரும்பும் மரத்தின் டானினும் (துவர்ப்புச் சத்து) சேர்ந்து வருவது. கறை தெரிந்தால் வெட்டை ஓரடி தள்ளிப் போடுவேன்.

பதிவிட்டவர்: கறையைப் பார்த்திருக்கிறேன், பூஞ்சை என்று விட்டுவிட்டேன் தம்பி. நாளைக்கு அல்சூரில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.