றிவோல்வர் ரிகர் (விசை) எவ்வளவு லேசா இருக்கலாம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வவுனிக்குளத்தான்:
ஜெர்மனியில இருந்து மச்சான் லீவில வந்து நிக்கிறார், அங்க கிளப்பில ஸ்மித் அன்ட் வெசன் 686 றிவோல்வர் வச்சு 25 மீற்றர் சுடுறவர். நேற்று ராத்திரி கதைக்கேக்க சொன்னார், குதிரையை (பின்னால இருந்து தோட்டாவை அடிக்கிற துண்டை) இழுத்து வச்சிட்டுச் சுடேக்க, அதுதான் சிங்கிள் அக்சன், ரிகர் மூண்டரை இறாத்தல் கேக்குதாம், திரும்பிப் போனதும் அதை ஒண்டரைக்கு இறக்கப் போறாராம், லேசாக்கினா கை ஆடாதாம். எனக்கு உதில அனுபவம் இல்லை, ஆனா கேட்ட நேரத்தில இருந்து மனசு ஒரு மாதிரிக் கிடக்கு. எதுக்குக் கீழ போகக் கூடாது?

பரந்தன்_பெடியன்:
அண்ணை, நான் இப்ப நோர்வேயில, நானும் கிளப்பில சுடுறனான். சர்வதேச விதியில 25 மீற்றர் பிஸ்ரலுக்கு ஆகக் குறைஞ்சது 1000 கிராம், குழலை மேல பாக்க நிமித்திப் பிடிச்சு ரிகரில பாரத்தைக் கொழுவித் தூக்குவினம், குதிரை விழாமல் தூக்க வேணும். ஒண்டரை இறாத்தல் எண்டால் 680 கிராம்தான். செக் பண்ணுற மேசையிலேயே திருப்பி அனுப்பிடுவினம். அமெரிக்காவில சென்ரர் பயர் (தோட்டாவின்ர அடி நடுவில கேப்பு உள்ளது) போட்டிக்கு இரண்டரை இறாத்தல். 500 கிராம் எண்டுறது 10 மீற்றர் காத்துப் பிஸ்ரலுக்கு, அதைக் கேட்டுட்டு வந்து குழம்பிறாரோ தெரியேல்லை. என்னைக் கேட்டா மூண்டு இறாத்தல் நல்ல கணக்கு, ஆனா அரக்காமல் ஒரேயடியா விடுபட வேணும், கண்ணாடிக் குச்சி முறியிற மாதிரி. கையை ஆட்டுறது பாரம் இல்லை, அந்த அரக்கல்தான்.

நெடுங்கேணி கமக்காரன்:
தம்பி, றிவோல்வர் நான் கையால தொட்டதில்லை, ஆனா இதை நான் சொல்லியே ஆகோணும். எங்கட அப்பான்ர துவக்கு 12 போர் ஒற்றைக்குழல், குதிரை வெளியில உள்ளது, பண்டிக்காவலுக்கு லைசன்ஸ் எடுத்தது. விசை சரியான இறுக்கம் எண்டு பட்டறையில குடுத்து அராவினம், அண்டைக்கு பஞ்சு மாதிரி இருந்துது, எனக்கும் சந்தோசம்தான். ஒரு மாசம் போக இன்னும் லேசாகிட்டுது, ஒருத்தரும் தொடேல்லை, தானா லேசானது. கதிர் பால் பிடிக்கிற நேரம், பரணில நானும் தம்பியாரும், குதிரையை இழுத்து வச்சபடி காலை மாத்தி வைக்கேக்க துவக்கின்ர அடி பலகையில தட்டினது, அவ்வளவுதான். தம்பியாரின்ர தலைக்கு மேல கிடுகு பறந்துது, காது அடைச்சு அவனுக்கு ரெண்டு நாள் ஒண்டும் கேக்கேல்லை. விடியக் கழட்டிப் பாத்தன். குதிரை கொழுவி நிக்கிற பள்ளத்தின்ர விளிம்பு கத்தி மாதிரி இருக்க வேண்டியது, அரிசி முனை மாதிரி உருண்டு மினுங்கிச்சுது. மேல இறுக்கின தோல் மெல்லிசு, அதை அராவிட்டா கீழ உள்ள மெத்தென்ற இரும்பு ஒவ்வொரு சூட்டுக்கும் தேஞ்சு கொண்டே போகும். மச்சானிட்ட இதைச் சொல்லுங்கோ.

வவுனிக்குளத்தான்:
ஐயா, வாசிக்கவே உடம்பு நடுங்குது. மச்சானுக்கும் காட்டினனான். அவர் அராவ மாட்டாராம், பிடிக்குள்ள முன்பக்கம் இருக்கிற இறுக்குற ஆணியைக் கொஞ்சம் இளக்கினால் காணும் எண்டுறார்.

பரந்தன்_பெடியன்:
அது வேண்டவே வேண்டாம். அந்த ஆணி பெரிய ஸ்பிரிங்கை இறுக்குறது, இளக்கினா குதிரையின்ர அடி குறைஞ்சு தோட்டாவின்ர கேப்பு வெடிக்காமல் நிக்கும், ரிகர் லேசான மாதிரித் தெரியிறது அதாலதான். ஆணியை முழுக்க இறுக்கி விட்டுட்டு, உதில தேர்ந்த துவக்குத் திருத்துற ஆளிட்டக் குடுக்கட்டும். துவக்கு திரும்பி வந்தோடன ஒவ்வொரு தோட்டா அறையா வெறுமையோ எண்டு ரெண்டு தரம் பாத்திட்டு, குதிரையை இழுத்து வச்சு, ரிகரைத் தொடாமல் பெருவிரலால குதிரையை முன்னுக்குத் தள்ளிப் பாக்கச் சொல்லுங்கோ. குதிரை விழுந்தா, தராசில எவ்வளவு காட்டினாலும் அதை ரேஞ்சுக்குக் கொண்டு போகக் கூடாது.

வவுனிக்குளத்தான்:
காட்டினனான். 1000 கிராமுக்குக் கீழ போகமாட்டன், ஆணியையும் தொடமாட்டன் எண்டு அக்காவுக்கு முன்னால சொல்லிட்டார்.