சில்டெனஃபில் கொடுத்த இரண்டாம் இரவு: இரத்தக்குழாய் விரிப்பான்களோடு உங்கள் அனுபவம் என்ன?

இழையைத் தொடங்கியவர் (சிறு பிராணிகள் மருத்துவர்):

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். ஒன்பது வயது, சிறிய இன நாய். யாராவது வந்தால் குரைத்துக்கொண்டே ஓடும், பாதியில் சரிந்து விழும், அரை நிமிடத்தில் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துவிடும். எக்கோவில் (இதய ஸ்கேனில்) மூவிதழ் வால்வு வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்த இரத்தத்தின் வேகம் விநாடிக்கு 4 மீட்டர். அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் 64. வலது கீழறைக்கும் மேலறைக்கும் இடையே அத்தனை மி.மீ. பாதரச வித்தியாசம். நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறிக் கிடக்கிறது என்று தெரிந்ததும், அந்தத் தமனிகளை விரிக்கும் சில்டெனஃபில் எழுதிவிட்டேன். இடப்பக்கத்து ஈரிதழ் வால்வும் கசிகிறது, இடது மேலறை பெருத்திருக்கிறது என்று அதே தாளில் என் கையாலேயே குறித்திருந்தேன். அதைத்தான் யோசிக்கவில்லை.

முதல் நாள் நாய் துள்ளித் திரிந்தது. இரண்டாம் இரவு போன் வந்தது: “டாக்டர், படுக்கவே மாட்டேங்குது. உட்கார்ந்துகிட்டே மூச்சு வாங்குது.” நிமிடத்துக்கு 70 மூச்சு, இரண்டு பக்கமும் கரகரப்பு. ஆக்சிஜன் கூண்டில் வைத்து, நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசிமைடு ஊசி போட்டேன். விடியும்போது 40-க்கு இறங்கியது.

சுருங்கிப்போயிருந்த நுண்தமனிகள் அந்த நாய்க்கு மதகுபோல் நின்றிருக்கின்றன. நான் மதகைத் திறந்துவிட்டேன். வலப்பக்கம் தேங்கிய இரத்தம் தந்துகிகளுக்குள் பாய்ந்தது. அதை வாங்க வேண்டிய இடது மேலறையோ ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. தந்துகி அழுத்தம் ஏற, நீர் வெளியே கசிந்துவிட்டது. புத்தகத்தில் படித்ததுதான், எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. இப்படி மாட்டிக்கொண்டவர் வேறு யாராவது உண்டா?

ஆட்டு ஆய்வகத்துக்காரர்:

எங்கள் பக்கத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். செம்மறியாட்டில் நுரையீரல் நிணநீரின் பெரும்பகுதி நெஞ்சுக்கூட்டின் பின்பக்கம் இருக்கும் ஒரே நீளமான நிணநீர்க் கணு வழியாக வடிகிறது. அதிலிருந்து வெளியேறும் குழாயில் மெல்லிய டியூபைச் செருகி, ஆடு விழித்து நின்றுகொண்டிருக்கும்போதே சொட்டுகளைப் பிடிக்கும் முறையை 1970-களில் நார்மன் ஸ்டாப் குழுவினர் கொண்டுவந்தார்கள். கணுவின் வால்பகுதியை வெட்டி விடாவிட்டால் உடம்பின் மற்ற இடத்து நிணநீரும் கலந்துவிடும். முதல் வருடம் என் கணக்குகள் குழம்பியதற்கு அந்த வால்தான் காரணம்.

இடது மேலறையில் பலூனை ஊதி அங்கே அழுத்தத்தை ஏற்றினால் சொட்டு வேகம் பிடிக்கும், சோதித்தால் புரதம் குறைந்திருக்கும். அழுத்தத்தால் வெளியே தள்ளப்பட்ட நீர் அது. எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) கொடுத்த ஆட்டிலும் சொட்டு கூடும், ஆனால் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் புரதம் அவ்வளவாகக் குறையாது. அங்கே சுவரே ஓட்டையாகிவிட்டது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ‘விரிப்பான் நுரையீரலைக் காயவைக்கும்’, ‘விரிப்பான் நனைக்கும்’ என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. நாங்கள் நைட்ரோபுருசைடு ஏற்றியபோது சிரைகளும் விரிந்து, இடது மேலறை அழுத்தம் இறங்கி, சொட்டும் குறைந்தது. உங்கள் நாயில் விரிந்தது தந்துகிக்கு முன்னால் இருக்கும் குழாய். சிரையை விரித்தால் தந்துகியின் வடிகால் லேசாகும். தமனியை மட்டும் விரித்தால் வரத்துதான் கூடும்.

இன்னொன்று. 1959-இல் கைட்டனும் லிண்ட்சியும் நாய்களில் பார்த்தபோது, இடது மேலறை அழுத்தம் சுமார் 24 மி.மீ. தாண்டிய பிறகுதான் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியது. இரத்தப் புரதத்தைப் பாதியாக்கியபோது 11-லேயே தொடங்கிவிட்டது. உங்கள் நாய்க்கு ஆல்புமின் (நீரைக் குழாய்க்குள் பிடித்து வைக்கும் இரத்தப் புரதம்) பார்த்தீர்களா?

மயக்க மருந்துக்காரர்:

என் கதையில் நீர் கிடையாது. பயிற்சி அறுவைக்காக ஒரு பன்றி. நெஞ்சைத் திறந்து ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி வைத்திருந்தோம். இரத்த அழுத்தம் அதிகமாக இருந்ததால் நைட்ரோபுருசைடு சொட்டு போட்டேன். அழுத்தம் அழகாக இறங்கியது, கூடவே இரத்த ஆக்சிஜனும் இறங்கியது. டியூப் நகர்ந்துவிட்டதோ, சளி அடைத்ததோ என்று பத்து நிமிடம் தேடினேன். கடைசியில் சொட்டை நிறுத்தியதும் தானாக ஏறியது.

காற்று போகாத இடத்துக்கு இரத்தம் போகாதபடி நுரையீரலே தன் குழாயைச் சுருக்கிக்கொள்ளும். 1946-இல் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் காட்டியது இது. பன்றிக்கும் மாட்டுக்கும் இந்தக் குணம் ரொம்ப அதிகம். மலை உயரத்தில் மேயும் மாடுகளுக்கு வலது இதயம் தோற்று மார்புப்பகுதி வீங்குவதும் இதனால்தான். நான் ஏற்றிய மருந்து அந்தக் காவலைத் தளர்த்திவிட்டது, இரத்தம் காற்றில்லாத பக்கமே சுற்றி வந்தது. அதனால்தான் நைட்ரிக் ஆக்சைடை மூச்சோடு கொடுக்கும் யோசனை எனக்குப் பிடிக்கும். 1991-இல் ஆட்டுக்குட்டிகளில் செய்து பார்த்தார்கள். காற்று எங்கே போகிறதோ அங்கே மட்டும்தான் விரிக்கும், உடம்பின் மற்ற அழுத்தத்தைத் தொடாது.

நாய் வளர்ப்பவர்:

மேலே பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை. எங்கள் நாய்க்கு நைட்ரோகிளிசரின் களிம்பைக் காதின் உட்புறம் தடவச் சொன்னார்கள். கையுறை போடச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் எனக்கு மண்டை பிளந்தது, நாய் நிம்மதியாகத் தூங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, மருந்து என் விரல் வழியாக என் குழாய்களையும் விரித்திருக்கிறது.

ஆட்டு ஆய்வகத்துக்காரர்:

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் சிரையை விரிக்கும் மருந்துக்கு இதைவிட நேரடி உதாரணம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற மருத்துவர்:

ஹைட்ரலசின் (தமனியை விரிக்கும் மருந்து) காலத்து ஆள் நான். வால்வுக் கசிவுக்கு உடனே பலன் தெரியும். ஆனால் அழுத்தம் சட்டென்று விழுந்தால் சிறுநீரகம் வறட்சி வந்துவிட்டதாக நினைத்து ரெனின் என்ற சுரப்பைக் கிளப்பி, உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படி இரண்டாவது வாரத்தில் திரும்பி வந்த நாய்கள் உண்டு. உடன் நீர்ப்போக்கி (சிறுநீரைக் கூட்டும் மருந்து) இல்லாமல் கொடுப்பதை அதற்குப் பிறகு விட்டுவிட்டேன்.

இழையைத் தொடங்கியவர்:

ஆல்புமின் பார்த்தேன், சரியாகவே இருந்தது. ஆக, வரத்துதான் குற்றவாளி. ஃபுரோசிமைடும், இதயத் துடிப்பை வலுப்படுத்தும் பிமோபென்டனும் கொடுத்து இடது பக்கத்தை முதலில் இறக்கினேன். பத்து நாள் கழித்து சில்டெனஃபிலைக் குறைந்த அளவில், ஆஸ்பத்திரியிலேயே ஓர் இரவு வைத்துத் தொடங்கினேன். மயங்கி விழுவது நின்றுவிட்டது. தூங்கும்போது மூச்சை எண்ணி எழுதச் சொல்லி வீட்டாரிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன், 30 தாண்டினால் உடனே கூப்பிட வேண்டும். நேற்று அனுப்பிய பக்கத்தில் 22, 24, 21. நான்காவது வரியில் எண் இல்லை. “எண்ணிக்கிட்டே நானும் தூங்கிட்டேன் டாக்டர்” என்று எழுதியிருந்தது.