பதில்: பொங்கல் பொதிக்கு இந்த முறை எந்தக் கடை?

அனுப்பியவர்: பொருளாளர், லண்டன்

அன்பான புங்குடுதீவு உறவுகளுக்கு வணக்கம்.

தைப்பொங்கலுக்கு வழக்கம்போல தீவில் இருக்கிற நம் ஊர் முதியோர் குடும்பங்களுக்கு உலருணவு உதவி கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வட்டாரத்திலிருந்தும் பெயர்ப் பட்டியல் வந்துவிட்டது. குடும்பத்துக்கு 25 பவுண் என்று நினைத்திருக்கிறோம். போன முறை போலவே யாழ்ப்பாண நகரத்துச் சுப்பர் மார்க்கெட் ஒன்றின் பரிசுச் சீட்டாகக் கொடுக்கலாம் என்பது நிர்வாகத்தின் விருப்பம். கணினியில் அடித்த ஒரே பற்றுச்சீட்டு கிடைக்கும், கணக்குப் பார்ப்பவருக்கும் லேசு. டிசம்பர் 15க்கு முன் காசைப் போட்டுவிடுங்கள்.

அனுப்பியவர்: இறுப்பிட்டித் தங்கச்சி, பரிஸ்

அண்ணை, கோவிக்க வேண்டாம். காசு தருகிறேன், ஆனால் சீட்டுக்குத் தர மாட்டேன்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பெரியம்மா வீட்டில்தான் நின்றேன். பொங்கலுக்கு நீங்கள் கொடுத்த சீட்டு அதுவரைக்கும் அவரின் கைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "டவுனுக்கு ஆர் பிள்ளை கூட்டிக்கொண்டு போறது?" என்றார். அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். மடத்துவெளி தாண்டி, தீவை வேலணையோடு இணைக்கிற வாணர் தாம்போதி தாண்டி, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். முழங்கால் நோகிற மனிசிக்கு அந்தப் பயணமே பெரிய வேலை.

கடைக்குள் போனதும் பெரியம்மா செருப்பைக் கழற்றப் பார்த்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். தட்டுகளுக்கு நடுவில் நின்று விலை கேட்க ஆளைத் தேடினார். தேயிலை ஐம்பது கிராம் வேண்டும் என்றார், அங்கே ஐம்பது கிராமுக்குப் பையே இல்லை. அரிசிப் பை முன்னால் கனநேரம் நின்றார். ஐந்து கிலோவைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அவருக்குத்தான் தெரியும். கடைசியில் பால்மா, சமபோஷ சத்துமா, இரண்டு சவுக்காரம், பிஸ்கட் என்று பாரமில்லாததாக எடுத்தார். சீட்டை ஒரே தடவையில் முடிக்க வேண்டுமாம், மிச்சக் காசுக்கு அவருக்குத் தேவையே இல்லாத ஒரு சம்பு போத்தலும் வந்தது. பொங்கலுக்கென்று கொடுத்த உதவியில் அரிசி இல்லை. நான் கூட நின்றதால் பிறகு அரிசி வாங்கி ஓட்டோ பிடித்தோம். மற்ற முதியவர்களுக்கு யார் கூட நின்றது?

அப்புறம் எங்கள் சந்திக் கடைக்குப் போனேன். பெயர் எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். முன்பு கத்தரிக்காய், பயிற்றங்காய், மரவள்ளி எல்லாம் சாக்கில் குவித்து வைத்திருப்பார். இப்போது உருளைக்கிழங்கும் வெங்காயமும் மட்டும்தான். ஏன் அண்ணை என்று கேட்டேன். அவர் கடன் கொப்பியை எடுத்து விரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாகப் பெயர்கள். வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகள் மாதம் ஒருமுறை வான் பிடித்து டவுனுக்குப் போய் மொத்தமாக வாங்கிவிடுகின்றன. காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பாலம் தாண்டிப் போய்விட்டார்கள், கடன் சொல்கிறவர்கள்தான் அவரிடம் மிச்சம். மொத்த வியாபாரி கடன் கொடுப்பதில்லை. சாமான் எடுக்கிற அளவு குறைந்ததால் முன்பு கடைவாசலுக்கே வந்த ஏஜென்ற் வானும் வருவதில்லை. இப்போது அவரே டவுனுக்குப் போய் எடுத்து வர வேண்டும். ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் அவர் தலையில். பெட்டியில் அச்சடித்த விலைக்கு மேல் விற்கவும் முடியாது, அது சட்டம். பிறகு எதில் லாபம் வரும்? பெரிய கடை அதே சாமானை லொறி லொறியாக எடுத்து விலை குறைத்து விற்கிறது.

2022இல் பால்மாவுக்கு நாடே அலைந்தபோது, கிடைத்த 400 கிராம் பெட்டியைப் பிரித்து, 50 கிராம் பொட்டலமாகக் கட்டி, குழந்தைப்பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு முதலில் கொடுத்தவர் அவர். பெரியம்மா இரண்டு நாள் கடைக்கு வராவிட்டால் பொடியனை அனுப்பி என்ன ஏது என்று பார்ப்பதும் அவர்தான்.

எங்கள் பங்கையும் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவுக்குப் போகிற எங்களில் எத்தனை பேர் பண்ணைப் பாலத்துக்கு முன்னாலேயே வானை நிறுத்தி, தண்ணீர்ப் போத்தலில் இருந்து தோடம்பழம் வரை ஏற்றிக்கொண்டு போகிறோம்? நல்லதண்ணீருக்கு ஊர் எப்போதும் கஷ்டப்படுகிறது, போத்தல் வாங்குவது விளங்குகிறது. ஆனால் சீனியும் தேயிலையுமா? அதன் பிறகு "ஊர்க்கடையில் ஒன்றும் இல்லை" என்று இதே குழுவில் எழுதுகிறோம். பட்டியலில் இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் உரிய காசை ஊர்க்கடைகளில் போட்டால், தை மாதம் ஒரு ஏஜென்ற் வானாவது திரும்ப வரும்.

அனுப்பியவர்: பொருளாளர், லண்டன்

தங்கச்சி, மனதைத் தொடுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மா கஷ்டப்பட்டது எனக்கும் கவலைதான். ஆனால் இங்கே நாங்கள் பதிவு செய்த அமைப்பு. ஒவ்வொரு வருடமும் கணக்குக் காட்ட வேண்டும். நூலகக் கட்டட விஷயத்தில் எனக்கு வந்த கெட்ட பெயரை இந்தக் குழுவில் இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது இரண்டு கடைச் சிட்டை (பற்றுச்சீட்டு) ஒரே கையெழுத்தில் வந்தது, அதற்கு நான்தான் பதில் சொன்னேன். யாரும் எனக்காக வாய் திறக்கவில்லை, நீங்களும்தான்.

இன்னொன்று. பெரிய கடை என்றால் கெட்டது என்று சொல்லாதீர்கள். என் தங்கையின் மகள் அப்படி ஒரு கடையில் காசாளராக நிற்கிறாள். மாதச் சம்பளம், சேமலாப நிதி, விடுமுறை எல்லாம் உண்டு. எங்கள் ஆட்களின் கடைகளில் பதினான்கு வயதில் சிப்பந்தியாகப் போய்ச் சாக்கு மேல் படுத்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் சேமலாப நிதி கட்டினார்கள்? காலாவதித் திகதி பார்த்து வாங்குகிற உரிமை ஊரில் இருக்கிற ஏழைக்கும் இருக்கிறது. அதையும் யோசியுங்கள்.

அனுப்பியவர்: பெருங்காட்டு மாமா, ரொறன்ரோ

நானும் சாக்கு மேல் படுத்தவன்தான். சேமலாப நிதி கட்டவில்லை, உண்மை. ஆனால் ஆறு வருடம் கழித்து முதலாளி எனக்குத் தனிக்கடை போட்டுத் தந்தார். பிறகு 1983 ஜூலைக் கலவரத்தில் அவர் கடையும் எரிந்தது, என் கடையும் எரிந்தது. 1958இலும் 1977இலும் அடிபட்டு, திரும்பப் போய்க் கதவு திறந்த ஆட்கள் நாங்கள். தெற்கே சிங்கள ஊர்களில் சந்திக்குச் சந்தி கடை வைத்து, கடன் கொடுத்து, அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் சாமான் கொடுத்தவர்கள் புங்குடுதீவார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கிழவிக்கு அரிசி வாங்க முப்பது கிலோமீற்றர் போக வேண்டுமா? எனக்கு இது பெரிய வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தாம்போதிப் பாலம் வேண்டும் என்று எங்கள் ஊர் வாணர் சகோதரர்கள் அலைந்த அலைச்சலை என் அப்பா கதை கதையாகச் சொல்வார். நோயாளி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பிள்ளைகள் படிக்கப் போகவும் கேட்ட பாலம் அது. 1991இல் போரால் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. திரும்பிப் போனவர்கள் கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேரை நம்பித்தான் கடை திறந்தார்கள். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை 2009இல் திரும்பத் திறந்த பிறகு தெற்கிலிருந்து கம்பனிகள் வந்தன, 2013இல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் என்ற பெரிய கடைத்தொகுதி வந்தது. நானும் போய்ப் பார்த்தேன், குளிர் காற்றும் தானாக ஏறுகிற படியும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் 2006 ஓகஸ்ட்டில் அதே பாதை மூடியபோது குடாநாட்டுச் சனம் வரிசையில் நின்றது சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வாசலில். பாதை இன்னொருமுறை மூடாது என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. அன்றைக்குக் கதவு திறக்க ஊரில் ஒரு கடையாவது இருக்க வேண்டும்.

சிட்டைதான் பிரச்சினை என்றால் நான் பொறுப்பு. நூலக விஷயத்தில் பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன், தம்பி. அதற்கு இந்த முறை உன்னோடு நிற்கிறேன்.

அனுப்பியவர்: இறுப்பிட்டித் தங்கச்சி, பரிஸ்

மாமா, நன்றி. அண்ணை, நூலகக் கதையை நேரில் பேசுவோம், நான் விலகி ஓடவில்லை.

சந்திக் கடை அண்ணையோடு நேற்று வட்ஸ்அப்பில் கதைத்தேன். அச்சடித்த, இலக்கமிட்ட சிட்டைப் புத்தகம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சிட்டை எழுதுவார், வாங்குகிறவர் கையெழுத்து வைப்பார், மற்றப் பிரதி உங்களுக்கு வரும். எல்லாவற்றையும் அவர் ஒருவரிடமே எடுக்கவும் வேண்டாம். குறிகட்டுவான் பக்கத்து வட்டாரங்களுக்கு அங்கே இருக்கிற கடையில் எடுக்கலாம். பொதியாகக் கட்டாமல் வீட்டுக்கு ஒரு தொகை என்று கடையில் வைத்தால் நல்லது. பெரியம்மா தனக்கு வேண்டியதை வேண்டிய நாளில் ஐம்பது ஐம்பது கிராமாக எடுப்பார், அரிசியைப் பொடியன் சைக்கிளில் கொண்டுபோய் இறக்குவான். திகதி முடிந்த சாமான் ஒன்று வந்தாலும் அடுத்த வருடம் அந்தக் கடை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன், அவர் ஒத்துக்கொண்டார்.

காலாவதித் திகதி பற்றியும் சேமலாப நிதி பற்றியும் நீங்கள் சொன்னது சரி. கடையில் நிற்கிற பொடியனுக்கு நிதி கட்டச் சொல்லி நானே கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை வாக்குக்கு விடுங்கள். என் பங்கு 25 பவுணை இன்றைக்கே போட்டிருக்கிறேன், குறிப்பில் "ஊர்க்கடைக்கு" என்று எழுதியிருக்கிறேன்.