5 டன் சீமைக்கருவேலம்: கரியாக்கவா, பாறைத்தூள் பரப்பவா?

நாங்குநேரி செம்மண்:
குளத்துல வெட்டின சீமைக்கருவேலம், நல்லாக் காய்ஞ்சது 5 டன் கிடக்கு. கரியாக்கி மண்ணுல போட்டா கரியமில வாயு கூடுதலாக் குறையுமா, கிரஷர் தூள் பரப்பினாலா? மெஷின் வச்சுக் காத்துல இருந்து வாயுவை உறிஞ்சலாம்னும் சொல்லுதாங்க. நிலம் மானாவாரி.

அம்பை வயல்:
கரிதான் அண்ணாச்சி. 5 டன் விறகுக்கு 1 டன் கரி தேறும். அதுல முக்கால்வாசி கார்பன், விறகு மாதிரி சீக்கிரம் மக்கி வாயுவாப் போகாது. கார்பன் 1 கிலோன்னா வாயு 3.67 கிலோ, ஆக 2.75 டன்.

ஆனா கரிமூட்டம் போடாதீங்க. மண் மூடிப் புகையவிட்டா மீத்தேன் கிளம்பி, கிடைச்ச லாபத்தைத் தின்னுரும். மேல 5 அடி அகலம், 3 அடி ஆழம், அடி குறுகலா ஒரு குழி வெட்டுங்க. மணிக்கட்டுப் பருமனுக்கு மேல கட்டை வேண்டாம். தீயை மேலிருந்து வைங்க. வெள்ளைச் சாம்பல் பூக்க ஆரம்பிச்சதும் அடுத்த அடுக்கு. மேல எரியுற தீயே மூடியா நின்னு புகையை எரிச்சிரும், கீழ காத்து போகாது. புகை வந்தா விறகு ஈரம், இல்லைன்னா ஒரேயடியா அள்ளிப் போட்டிருக்கு. கடைசியில தண்ணி விட்டு முழுக்க அணைக்கணும். கங்கு மிஞ்சினா காலையில சாம்பல்தான்.

வெறுங்கரி தழைச்சத்தை இழுத்துக்கிடும், பயிர் மஞ்சளிக்கும். தொழுவுரத்தோட சரிபாதி கலந்து, கோமியம் தெளிச்சு 3 வாரம் ஊறவிட்டுப் போடுங்க.

கயத்தாறு கரிசல்:
செம்மண்ணுக்குச் சரி. கரிசல்காரங்க யோசிச்சுப் போடணும், ஏற்கெனவே காரமான மண்ணை அது இன்னும் காரமாக்கும்.

தூள் விஷயம்: பாறைத்தூள் ஈரத்துல கரையும்போதுதான் கரியமில வாயுவைப் பிடிக்கும். நம்ம பக்கத்துக் கிரஷர்ல உடையுறது பெரும்பாலும் சார்னோகைட், நைஸ்ங்கிற கடினப் பாறைங்க. அதுல குவார்ட்ஸ், பெல்ஸ்பார்ங்கிற தாதுக்கள் மிகுதி, கரைய ரொம்பக் காலமாகும். சீக்கிரம் கரையுற பசால்ட்ங்கிற எரிமலைப் பாறை வேணும்னா தக்காணத்துல இருந்து லாரியில வரணும். அது 1 டன் முழுசாக் கரைஞ்சாலும் பிடிக்கிறது சுமார் 300 கிலோ. டீசலையும் அரைவைக் கரண்டையும் அதுல கழிக்கணும். மானாவாரியில ஈரமும் கிடையாது. தண்ணி நிக்கிற தாமிரபரணிப் பாசன நெல் வயல்ல வேணா சோதிக்கலாம்.

ராதாபுரம் காற்றாடி:
மெஷின் இங்க வேண்டாம். ஐஸ்லாந்துல 2021-ல ஓடத் தொடங்கின ஓர்கா ஆலைக்கு வருசத்துக்கு 4,000 டன் திறன். அங்க பூமிச் சூடு கைக்கெட்டுது. 1 டன் பிடிக்க வெப்பமும் கரண்டுமாச் சுமார் 2,000 யூனிட் ஆகும். நம்ம காற்றாலையோட அதே 2,000 யூனிட், நிலக்கரிக் கரண்டுக்குப் பதிலாப் போனா 2 டன்னுக்குக் கிட்ட வாயு வெளிய வராமலே நிக்கும்.

நாங்குநேரி செம்மண்:
கரி சரியா வெந்திருக்கான்னு எப்படித் தெரியும்?

அம்பை வயல்:
விரல்ல தேய்ச்சுத் தண்ணியில கழுவுங்க. சோப்பு போடாமலே கறை போயிட்டா வெந்தது. பிசுக்கு ஒட்டினா தார் நிக்கு. அதை அடுத்த குழியில திரும்ப எரிங்க, வயலுக்குப் போகவேண்டாம்.